மமியா சிக்ஸ்: படம் மங்கியதன் காரணம் கிடைத்துவிட்டது (புதுப்பிப்பு)

பழைய மமியா சிக்ஸ் மடிப்புக் கேமராவில் எடுத்த முதல் பிலிம் ரோலைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். 12 சதுரப் படங்களில் பாதிக்கு மேல் திட்டுத்திட்டாக மங்கியிருந்தன. ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸைச் சரிபார்க்க உதவும் பகுதி) பிசகியிருக்கும், அதன் திருகைச் சரிசெய்யுங்கள் என்றேன். அது என் தவறு.

பின்மூடியைத் திறந்து, பிலிம் படியும் விளிம்பில் ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் அமைப்பு) திறந்து வைத்து, 2 மீட்டர் தள்ளி ஒரு மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்தேன். ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு உருவங்களும் ஒன்றிய அதே ஃபோகஸ் நிலையில் பேப்பரிலும் சுடர் துல்லியமாக விழுந்தது. ஆக, ரேஞ்ச்ஃபைண்டரில் பிழை இல்லை.

காணாமல் போயிருந்தது, பிலிமைப் பின்னாலிருந்து தட்டையாகப் பிடிக்கும் தகடு! மற்ற கேமராக்களில் அது பின்மூடியிலேயே இருக்கும். 1940இல் வந்த இந்த வடிவமைப்பில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் நகராது. பின்னால் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் பிலிம் இருக்கும் தளமே முன்பின்னாக நகரும். அருமையான யோசனை, லென்ஸ் அசையாமல் உறுதியாக நிற்கிறது. ஆனால் அதனால்தான் தகடு தனியாகச் செருகும்படி இருக்கிறது, எளிதில் தொலைந்தும் விடுகிறது.

உடைந்த இன்னொரு கேமராவிலிருந்து ஒரு தகடு கிடைத்தது. இரண்டாவது ரோலில் மூலை வரை தெளிவு. பாட்டியின் முகச் சுருக்கங்களைக்கூட எண்ணலாம்.

வாங்கப் போகிறவர்கள் பின்மூடி திறந்த படத்தைக் கேட்டு, தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் திருகைத் தொடச் சொல்லியிருந்தேன் அல்லவா, தயவுசெய்து தொடாதீர்கள்.