மலேரியா தொற்றும், ஆனா ஒட்டாது: ‘கொன்ரேஜன்’, ‘மியாஸ்மா’ ரெண்டுக்கும் தமிழ் தேடி

எல்லாருக்கும் வணக்கம்,

மூண்டு நாளா ஒரு வசனத்திலை மாட்டுப்பட்டு நிக்கிறன். வருத்தங்கள் ஏன் வருது எண்டு ஆக்கள் காலங்காலமா என்னென்ன நினைச்சவை எண்ட கதையை ஏ.எல் உயிரியல் பிள்ளையளுக்கு எழுதிக்கொண்டு வாறன். 1840கள் மட்டும் ஒரு கரைச்சலும் இல்லை, அங்கை வந்தவுடனை சொல் இடறிட்டுது. அந்த நேரம் ஐரோப்பாவிலை டொக்டர்மார் ரெண்டு கட்சி. கொலரா ஆளிட்டை இருந்து ஆளுக்குப் போகுது, கப்பலை மறி, ஆக்களைத் தனிய வை எண்டது ஒண்டு. இல்லை, அழுகல் ஊத்தையிலை இருந்து கிளம்புற கெட்ட காத்தாலைதான் வருது, ஊரைக் கழுவு எண்டது மற்றது. (கப்பல் மறிபட்டா யாவாரம் படுத்திடும் எண்டு வியாபாரிமார் ரெண்டாவது கட்சிக்குக் கை தட்டினதும் உண்மை.) நான் எழுதின வசனம் இது: “வாந்திபேதி ஒரு தொற்றுநோய், ஆனால் அது தொற்றாது என்று இவர்கள் வாதிட்டனர்.” ஒரு பிள்ளையிட்டை வாசிக்கக் குடுத்தன், அவள் சிரிச்சுப்போட்டு “டீச்சர், அவைக்கென்ன விசரே” எண்டு கேட்டாள்.

விசர் அவைக்கில்லை, என்ரை சொல்லுக்குத்தான். இன்பெக்சன் எண்டாலும் தொற்று, கொன்ரேஜன் எண்டாலும் தொற்று எண்டு எங்கடை பாடப்புத்தகம், பத்திரிகை, ஆசுப்பத்திரிப் பலகை எல்லாத்திலையும் போட்டு வைச்சிருக்கிறம். லத்தீனிலை ரெண்டும் வேறை வேறை. இன்பெக்சன் எண்டது சாயத்துக்கை தோய்க்கிறது, கறை பிடிக்கிறது எண்ட வினையிலை இருந்து வந்தது, கொன்ரேஜன் தொடுறதிலை இருந்து வந்தது. ஒண்டு உள்ளுக்கை ஊறுறது, மற்றது ஆளுக்கு ஆள் தாவுறது. வன்னியிலை இருக்கிற எங்களுக்கு இந்த வித்தியாசம் விளங்காதெண்டில்லை. 90களிலை மலேரியா காயாத வீடு இஞ்சை இருந்ததே? ஒரு பாயிலை அம்மா நடுங்கிக்கொண்டு கிடப்பா, பக்கத்திலை நாங்கள் படுத்திருப்பம், அவவைத் தொட்டதாலை எங்களுக்கு வந்ததில்லை, நுளம்பு கடிச்சுத்தான் வந்தது. அப்ப மலேரியா உடம்புக்கை தொற்றுற வருத்தம், ஆனா ஆளுக்கு ஆள் தொற்றாத வருத்தம். பாருங்கோ, திரும்பவும் அதே குழி!

அதாலை என்ரை யோசனை, தொற்று எண்டதை இன்பெக்சனுக்கே விட்டிடுவம். கொன்ரேஜனுக்கு ‘ஒட்டு’ எண்டு வைப்பம். மலேரியா தொற்றும், ஆனா ஒட்டாது. கொப்பளிப்பான் தொற்றும், ஒட்டும். அம்மம்மாவுக்குச் சொன்னாலும் விளங்கும்.

ரெண்டாவது கேள்வி மியாஸ்மா, மேலை சொன்ன ரெண்டாவது கட்சிக்காரரின்ரை அந்தக் கெட்ட காத்து. போன கிழமை இஞ்சை மூண்டு சொல் வந்தது: நச்சாவி, துர்க்காற்று, அப்பிடியே மியாஸ்மா. நச்சாவி எண்டால் பிள்ளையளுக்கு கெமிஸ்ரி லாப்தான் ஞாபகம் வரும், குளோரீன் மாதிரி ஏதோ சிலிண்டருக்கை கிடக்கிற சாமான் எண்டு. துர்க்காற்று எண்டால் பேய்க்கதை. மியாஸ்மாவிலை இருக்கிறது மணம், சேறும் சருகும் பிணமும் அழுகி எழும்புற மணம். ஹிப்போகிறட்டீஸ் காலத்திலை இருந்தே காத்து, தண்ணி, இடம் மூண்டையும் பாத்துத்தான் ஊர் வருத்தத்தைக் கணிச்சவை. இத்தாலியிலை லான்சீசி எண்ட டொக்டர் 1717இலை சதுப்பு நிலத்து ஆவியைப் பற்றி ஒரு புத்தகமே போட்டவர், நுளம்பையும் தொட்டுக்கொண்டு போனவர், பிடிக்கேல்லை. மலேரியா எண்ட பேரே இத்தாலி மொழியிலை கெட்ட காத்துத்தான். ஆளைப் பிடிச்சு ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலை வைச்சிருந்த ஒரு எண்ணத்துக்குப் பொருத்தமான சொல் வேணும்.

எனக்குப் பிடிச்சது ‘முடைக்காற்று’. முடைநாத்தம் எண்டு இப்பவும் சொல்லுறம்தானே, செத்த எலி கூரைக்கை கிடந்தா வாறது. நாற்றம் எண்டு மட்டும் போட எனக்கு விருப்பமில்லை, சங்கப் பாட்டிலை பூவுக்கும் நாற்றம்தான்.

இன்னொண்டும் மனசிலை கிடக்குது. கிரேக்கத்திலை மியாஸ்மா எண்டால் முதல் அர்த்தம் கறை, தீட்டு. கொலை செய்தவன்ரை கையிலை இருக்கிற தீட்டு முழு ஊரையும் பிடிக்கும் எண்ட நம்பிக்கை. எங்கடை ‘துடக்கு’ அச்சொட்டா அதேதானே? துடக்காவி எண்டு வைச்சா என்ன? சொல்லுங்கோ.

மல்லாவியிலை இருந்து டீச்சர்

*

பிள்ளை,

மூண்டு தரம் வாசிச்சன். மலேரியா வேலையிலை முப்பது வருசம் திரிஞ்ச மனுசன், நேர கதைக்கிறன், குறை நினையாதை.

முதல் துடக்கு. அது வேண்டாம். சொல் பொருத்தம்தான், அதுதான் பயம். துடக்கு எண்ட சொல்லை வைச்சு ஆரைக் கிணத்திலை அள்ள விடேல்லை, ஆரைக் கோயிலுக்கை விடேல்லை எண்டு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய் உயிரியல் புத்தகத்திலை ஏத்தினியெண்டால், “பாத்தியளோ, விஞ்ஞானமே சொல்லுது” எண்டு நாளைக்கு ஒருத்தன் எழும்புவான். கிரேக்க அர்த்தத்தை ஒரு வரியிலை விளக்கு, சொல்லா வையாதை.

ரெண்டாவது, ஒட்டு. மலேரியாவை உண்டாக்கிறது என்ன? பிளாஸ்மோடியம். அதுக்கு எங்கடை புத்தகத்திலை என்ன பேர்? ஒட்டுண்ணி. இப்ப உன்ரை பிள்ளை என்னெண்டு எழுதும், “மலேரியா ஒட்டுண்ணியால் வரும், ஆனால் ஒட்டாது” எண்டோ? விசர் எண்டு திரும்பவும் கேப்பாள். போதாக்குறைக்கு ஒட்டு மாங்கண்டும் இருக்குது.

முடைக்காற்று எனக்குப் பிடிச்சிருக்கு, ஒரு காரணத்தோடை. நாங்கள் நுளம்புக் குடம்பி தேடிப் போறது கால்வாய்க்கும் ஆத்துப் படுக்கைக்கும். அகப்பையாலை அள்ளி வெள்ளைத் தட்டத்திலை ஊத்தினா, மலேரியா நுளம்பின்ரை குடம்பி தண்ணி மட்டத்தோடை மட்டமா, ஒரு சின்ன ஈர்க்குத் துண்டு மாதிரிப் படுத்துக் கிடக்கும். மற்ற நுளம்பின்ரை தலைகீழாத் தொங்கும். நான் அள்ளின தண்ணி கனக்க வெய்யில் பட்ட, தெளிஞ்ச, குடிக்கலாம் போலை இருக்கிற தண்ணி. மணமே இல்லை! 1934-35இலை தெற்கிலை கிட்டத்தட்ட 80,000 பேர் செத்த அந்த மலேரியா, சதுப்பு பெருகி வந்ததில்லை, மழை பொய்ச்சு ஆறுகள் ஓட்டம் நிண்டு குட்டை குட்டையாத் தேங்கினதாலை வந்தது. மணத்தைப் பாத்துக் காய்ச்சலைத் தேடினவன் அந்தத் தண்ணியைத் தாண்டிப் போயிருப்பான். அப்ப பேரிலையே முடை இருந்தால் அந்தக் கொள்கை எங்கை சறுக்கினது எண்டு பிள்ளைக்குச் சொல்லிலையே தெரியும்.

வவுனியாவிலை இருந்து, ஓய்வெடுத்த பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்)

*

ஐயா,

துடக்கு விசயத்திலை நீங்கள் சொன்னது சரி, கைவிட்டிட்டன். 2020இலை தனிமைப்படுத்தல் முடிஞ்சு, கொரோனா இல்லை எண்டு கடிதத்தோடை வந்த பிள்ளையின்ரை வீட்டுப் படலையைத் தாண்டிப் பால்காரன் வராமல் விட்டதை நானும் கண்டனான். அந்தப் படலைக்கு ஒரு சொல்லை நான் குடுக்கக்கூடாது.

ஒட்டுண்ணி எண்ட அடி நல்ல அடி. ரெண்டு நாள் நித்திரையில்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பிறகு பாத்தா சொல் வீட்டுக்கையே இருந்திருக்கு. சின்னனிலை எனக்குக் கண்ணோய் வந்து கண் பீளை கட்டிக் கிடக்க, அம்மம்மா மச்சாளைக் கிட்ட விடேல்லை, “உது ஒட்டுவாரொட்டி, அங்காலை போ” எண்டவ. ஒட்டுவாரொட்டி! ஒட்டுறவையை ஒட்டுறது. பழைய அகராதியளிலையும் கிடக்குது, ஒருத்தரும் இனி உண்டாக்கத் தேவையில்லை. ஒட்டுண்ணியோடை குழம்பாது, மாங்கண்டோடை குழம்பாது. நீளம்தான், ஆனா ‘தனிமைப்படுத்தல்’ எண்டு ஊரெல்லாம் சொல்லேக்கை ஆருக்கும் வாய் நோகேல்லையே. ஒட்டுவாரொட்டிக் கொள்கை, ஒட்டுவாரொட்டி மறுப்பாளர். இப்ப என்ரை வசனம்: “வாந்திபேதி ஒட்டுவாரொட்டி அல்ல, முடைக்காற்றால் வருவது என்று இவர்கள் வாதிட்டனர்.” அதே பிள்ளையிட்டைக் குடுத்தன், சிரிக்கேல்லை.

சொல்லை வேறை இடத்திலையும் போட்டு உரசிப் பாத்தன். பிராகஸ்தோரோ எண்ட இத்தாலி டொக்டர் 1546இலை எழுதினவர், வருத்தத்துக்கு விதை இருக்குது, அது மூண்டு வழியாப் போகும் எண்டு: தொட்டு, உடுப்பு மாதிரிச் சாமானிலை ஏறி, தூர நிண்டும். விதை எண்டவர், உயிருள்ள கிருமி எண்டு சொல்லேல்லை, அதாலை ‘நோய்விதை’ எண்டே விட்டிட்டன், முந்தியே கிருமி எண்டு போட்டா அவருக்கு முந்நூறு வருசம் கடன் குடுத்த மாதிரி. லேவன்ஹூக் 1676இலை தன்ரை நுணுக்குக்காட்டியாலை தண்ணிக்கை சின்னச் சீவன்களைக் கண்டு எழுதினாலும், உதுகள் வருத்தம் தரும் எண்டு சொல்லேல்லை. 1876இலை ஜேர்மன் டொக்டர் கொக் அந்திராக்ஸ் வருத்தத்தின்ரை கிருமியைக் கையும் களவுமாப் பிடிக்கிற வரைக்கும் சரியா 200 வருசம் எண்டது எனக்கு இன்னும் அதிசயம்தான்.

எங்கடை ஊர்ப் பறங்கி வருத்தம் (இங்கிலீசிலை யோஸ்) இதுக்கு நல்ல உதாரணம். புண்ணிலை இருந்து தோலுக்குத் தோல் போறது, தனி ஒட்டுவாரொட்டி. அந்தக் காலத்து வன்னியிலை காய்ச்சலுக்கு அடுத்தது அதுதான் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். பேரிலையே ஒரு கொள்கை இருக்குது பாருங்கோ, பறங்கியன் கொண்டுவந்தது எண்டு. காத்துமில்லை தெய்வமுமில்லை, வந்த ஆள். அதின்ரை கிருமியை 1905இலை காஸ்தெல்லானி எண்ட இத்தாலி டொக்டர் கண்டுபிடிச்சது வேறை எங்கையுமில்லை, கொழும்பிலை. இதைப் பாடப்புத்தகத்திலை ஏன் போடேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை.

ஆனா லண்டன் டொக்டர் ஜோன் சினோ வந்தவுடனை சொல் திரும்ப இழுபடுது. அவர் ரெண்டு கட்சியிலையும் இல்லை. கொலரா காத்தாலையுமில்லை, தொட்டுமில்லை, குடிக்கிற தண்ணியாலை எண்டு 1849இலை சொன்னவர், 1854 செப்டெம்பர் 8இலை லண்டன் புரோட் வீதிப் பம்பின்ரை கைபிடியைக் கழட்ட வைச்சவர். அதுக்குப் பிறகும் பெரியவை நம்பேல்லை. 1858 ஜூனிலை அவர் செத்துப்போனார், அதே மாசம் தேம்ஸ் ஆறு நாறி லண்டனிலை ஒருத்தரும் மூச்சு விடேலாமல், அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் பெரிய கழிவுக் குழாயளுக்குக் காசு ஒதுக்கினவை. முடைக்காற்றை நம்பிக் கட்டின குழாய் ஊத்தையைக் குடிதண்ணியிலை இருந்து விலத்திக் கொண்டுபோக, கொலரா அடங்கிச்சுது. 1866இலை கடைசியா வந்தது, அதுவும் குழாய் வேலை முடியாத கிழக்குப் பக்கத்திலை. பிழையான காரணம், சரியான வேலை.

இதை எழுதேக்கை எனக்கு எங்கடை மண் வீடுதான் கண்ணுக்கை வந்தது. மலேரியாக்காரர் மருந்தடிக்க வருவினம், சட்டி பானை எல்லாம் முத்தத்திலை, சுவர் முழுக்க மலத்தியன். ரெண்டு கிழமைக்கு அந்த நாத்தம் போகாது, சோத்துக்கையும் மணக்கும். அம்மம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாறட்டும், இந்த நாத்தத்துக்கு காய்ச்சல் நிக்குமே” எண்டுவா. பின்னேரத்திலை மாட்டுக்கொட்டிலுக்கை நொச்சியும் வேப்பம் சருகும் போட்டுப் புகைக்கிறதும் அதே எண்ணத்திலைதான், நல்ல புகை கெட்ட காத்தைக் கலைக்கும். கலைஞ்சது நுளம்பு. அம்மம்மாவும் லண்டன் இஞ்சினியர்மாரும் ஒரு கட்சி எண்டு வைக்கலாம். 2016இலை இலங்கையிலை மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தரேக்கை அவ இல்லை.

அதாலை முடைக்காற்று எண்ட சொல்லிலை கேலி வந்திடக்கூடாது எண்டது மட்டும்தான் என்ரை கவலை. “மூட நம்பிக்கை” எண்டு பக்கத்திலை போடுறதில்லை எண்டு முடிவெடுத்திருக்கிறன். ஏனெண்டால் மற்றப் பக்கத்துப் பிழையும் பிழைதான். காத்தாலை வருத்தம் வரும் எண்டாலே பழைய கதை எண்டு தள்ளிப் பழகி, 2020 மார்ச்சிலை கொரோனா காத்திலை பரவாது எண்டு அடிச்சுச் சொன்னது அதே உலக சுகாதார நிறுவனம், பிறகு மாத்த வேண்டி வந்தது. இதுக்கு ‘காற்றுவழித் தொற்று’ எண்டு தனியா வைச்சிருக்கிறன், முடைக்காற்றோடை கலக்கக்கூடாது.

மியூனிக்கிலை பெத்தென்கோபர் எண்ட சுகாதாரப் பேராசிரியர், கிழவர், 1892இலை கொக்கின்ரை கொலராக் கிருமியை எல்லாருக்கும் முன்னாலை குடிச்சு, கொஞ்சம் வயித்தாலை போனதோடை தப்பினதையும் எழுதோணும். கிருமி மட்டும் போதாது, நிலமும் காலமும் ஆளும் சேரோணும் எண்டது அவற்றை வாதம். அரைவாசி சரி எண்டு எனக்குப் படுது, நீங்கள் அடிக்க வருவியள்.

டீச்சர்

*

பிள்ளை,

அடிக்க வரேல்லை. ஒட்டுவாரொட்டி, முடைக்காற்று, காற்றுவழித் தொற்று மூண்டுக்கும் என்ரை வாக்கு. நோய்விதையும் இருக்கட்டும்.

ஆனா நீ அனுப்பின அதிகாரத்தின்ரை கடைசிப் பக்கத்தைப் பாத்தன். நுளம்புக்கும் ‘காவி’ (வருத்தத்தைக் காவுறது), நெருப்புக் காய்ச்சல் கிருமியை உடம்பிலை வைச்சுக்கொண்டு தனக்கு ஒண்டுமில்லாமல் நியூயோர்க்கிலை வீடு வீடாச் சமைச்சுத் திரிஞ்ச மேரி மலனுக்கும் ‘காவி’ எண்டு போட்டிருக்கிறாய். எங்கடை திணைக்களக் கடிதங்களிலையும் அப்பிடித்தான், நானும் முப்பது வருசம் கையெழுத்துப் போட்டனான். அந்த மனுசியை 1907இலை பிடிச்சு, இடையிலை விட்டு, திரும்பப் பிடிச்சு, 1938இலை சாகும் மட்டும் எல்லாமாக் கால் நூற்றாண்டுக்கு மேலை ஒரு தீவிலை வைச்சிருந்தவை. அவவையும் நுளம்பையும் ஒரே பேரிலை கூப்பிட எனக்கு மனமில்லை. நுளம்புக்குக் காவியை விட்டிட்டு மேரிக்கு வேறை ஒண்டு பார். எனக்கு ‘சுமப்பாள்’ எண்டு ஒண்டு வருது, ஆனா தலைச்சுமைக்காரி மாதிரிக் கிடக்குது.

பீ.எச்.ஐ.