என்ட்ரி ஃபீஸ் வாங்கி டோர்னமென்ட்: திறமையா, பணயமா?

கஸ்டம்ரூம்
நான் நடத்துற டோர்னமென்ட் கணக்கை முதல்ல வைக்கிறேன். பிஜிஎம்ஐ (மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம்), நாலு பேர் டீமா 25 ஸ்குவாட், ஆளுக்கு 50 ரூபாய். மொத்தம் 5,000. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, எதிராளியை வீழ்த்துற ஒவ்வொரு கில்லுக்கும் 10. நூறு பேர்ல அதிகபட்சம் 99 கில், அது 990. மிச்சம் 510, தனி மேட்ச் ரூம் திறக்கத் தேவையான ரூம் கார்டுக்கும் லைவ் ஸ்ட்ரீமுக்கும். இதுல சூதாட்டம் எங்கே இருக்கு? குறி தப்பினா தோல்வி, குறி பட்டா ஜெயம். திறமைப் போட்டி சூதாட்டம் இல்லைன்னு 1957-லயே சமர்பாக்வாலா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1967-ல சத்தியநாராயணா வழக்குல ரம்மியே திறமை ஆட்டம்னு தீர்ப்பு. இதையெல்லாம் 2025 மத்தியச் சட்டம் ஒரே வரியில தூக்கிப் போட்டா எப்படி?

பிரிவு_ஐந்து
சத்தியநாராயணா தீர்ப்பை எல்லாரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று சொன்ன அதே தீர்ப்பு, பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் கிளப் லாபம் பார்த்ததற்குச் சாட்சியம் இருந்தால் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் சொல்கிறது. உங்கள் 510 ரூபாயை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த விவாதமே பின்னால் போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 22-ல் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம் 'பண விளையாட்டு' என்பதற்குத் தரும் விளக்கம்: திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் ஆடினால் போதும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. மாட்டுவது ரூம் போடுகிறவர்தான்.

கஸ்டம்ரூம்
அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதிவுக் கட்டணம் வாங்கலாம்னும் சொல்லுதே! பரிசுப் பணமும் கொடுக்கலாம். அதை ஏன் விட்டுட்டீங்க?

பிரிவு_ஐந்து
விடவில்லை, வரிசையில் வருகிறேன். இ-ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் ஒட்ட எல்லா நிபந்தனையும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். உங்களுக்கு இடிப்பவை மூன்று.

முதலாவது, தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்கீழ் அங்கீகாரமும், ஆன்லைன் கேமிங் சட்டத்தின்கீழ் வரும் ஆணையத்தில் பதிவும். வாட்ஸ்ஆப் குழுவில் போஸ்டர் போட்டு நடத்தும் மேட்சுக்கு இரண்டும் கிடையாது.

இரண்டாவது, கட்டணம் போட்டியில் நுழைவதற்காகவோ நிர்வாகச் செலவுக்காகவோ மட்டும் இருக்க வேண்டும். உங்கள் 5,000-இல் 4,490 அப்படியே பரிசாகத் திரும்பிப் போகிறது. இதை நிர்வாகச் செலவு என்று யாரிடம் சொல்வீர்கள்? 25-க்குப் பதில் 18 ஸ்குவாட் வந்தால் பரிசைக் குறைப்பீர்களா? குறைப்பீர்கள் என்றால், கட்டிய பணம்தான் பரிசு என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

மூன்றாவது, ஆடுபவர் மட்டுமல்ல, வெளியாள்கூடப் பந்தயம் கட்டக் கூடாது. லைவ் சாட்டில் 'இந்த டீம்மேல 200' என்று ஓடுவதை ஹோஸ்ட் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் பிரச்சினை.

கூட்டல்கழித்தல்
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'திறமை' என்ற சொல்லில் எல்லாரும் மயங்குகிறார்கள். 10 பேர், ஆளுக்கு 100, நடத்துபவர் 15 சதவீதம் எடுக்கிறார், பரிசு 850. சராசரி ஆட்டக்காரன் ஒரு ஆட்டத்துக்கு 15 ரூபாய் இழக்கிறான். ஒரு நாளைக்கு 20 ஆட்டம் என்றால் 300. எல்லாரும் பயிற்சி எடுத்துத் தேறினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் மாறும். திறமை வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம், புதிதாக வருபவன் வல்லவனுக்குத் தீனி.

லேன்_கேபிள்
கணக்கு சரி. அதற்கு மருந்து முழுத்தடையா? தமிழ்நாட்டில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிரான முதல் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சட்டத்தில் ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த அட்டவணை 2023 நவம்பரில் செல்லாது என்றானது. பிறகு தமிழ்நாட்டின் ஆன்லைன் கேமிங் ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறை கொண்டுவந்தது: 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு, ஒரு மணி நேரம் தாண்டினால் 30 நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை. அதை ஜூன் 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, டெல்லியிலிருந்து முழுத்தடை. ஓடத் தொடங்கிய வண்டியைப் பரிசோதிக்காமலே உடைத்துவிட்டார்கள்.

தடைக்குப் பிறகு ஆட்டக்காரன் ஆடுவதை நிறுத்துவானா? டெலிகிராமில் ஏபிகே கோப்பு (ஆப் ஸ்டோருக்கு வெளியே நிறுவும் ஆப்), கிரிப்டோவில் டெபாசிட். அங்கே வயதுச் சோதனையும் இல்லை, புகார் கொடுக்க முகவரியும் இல்லை.

கூட்டல்கழித்தல்
நள்ளிரவுப் பூட்டு அந்த 15 சதவீதத்தை மாற்றாது. ஆனால் ஏபிகே விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கஸ்டம்ரூம்
சரி, ரூபாயை விடுவோம். யூசி (கேமுக்குள்ள காசு கொடுத்து வாங்குற காயின்) வாங்கி அனுப்பச் சொன்னா? இல்லன்னா கஃபேல இணையம் இல்லாம லேன், அதாவது உள்ளூர் நெட்வொர்க், போட்டு நடத்தினா?

பிரிவு_ஐந்து
இரண்டுக்கும் கதவு அடைத்திருக்கிறது. பணமாக மாற்றக்கூடிய, அல்லது பணத்துக்கு ஈடாகக் கருதப்படும் காயின், டோக்கன், கிரெடிட் எல்லாம் பணயமே. 'ஆன்லைன் விளையாட்டு' விளக்கத்தில் இணையம் மட்டுமல்ல, மின்னணுத் தொடர்புக்கு உதவும் வேறு எந்தத் தொழில்நுட்பமும் வருகிறது. லேன் கேபிளையும் அந்தச் சொற்களுக்குள் இழுக்கலாம்.

கையில் இருக்கும் நேரான வழி: நுழைவு இலவசம், பரிசு ஸ்பான்சர் பணத்தில், தொகை முன்கூட்டியே நிலையானது.

கஸ்டம்ரூம்
இலவசம்னா 25 ஸ்லாட்ல 9 காலியா கிடக்கும். பேரைக் கொடுத்துட்டு வரமாட்டாங்க. அதனாலதான் எல்லாரும் 50 ரூபாய் வாங்குறது. திருப்பித் தர்ற டெபாசிட்டா வாங்கினா?

லேன்_கேபிள்
வராதவன் டெபாசிட்டைப் பறித்துப் பரிசில் சேர்த்தால் பழைய கதைதான். போதாக்குறைக்கு, ஒரே யூபிஐ கணக்குக்குச் சாயங்காலம் 'மேட்ச் என்ட்ரி' என்ற குறிப்போடு நூறு சின்னத் தொகை வந்து, தோற்றவர் ஒருவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுவிட்டால், வங்கி கணக்கை முடக்கலாம். அப்புறம் சொந்தச் சம்பளத்தையே எடுக்க அலைய வேண்டும்.

பணமில்லாமல் ஸ்லாட் நிரப்ப: 25-க்கு 33 டீம் பதியுங்கள், 8 காத்திருப்புப் பட்டியல். மேட்சுக்கு 40 நிமிடம் முன் செக்-இன் திறந்து 20-வது நிமிடத்தில் மூடுங்கள். கேப்டன் செக்-இன் செய்யாவிட்டால் ஸ்லாட் அடுத்த டீமுக்கு. ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் செக்-இன் செய்தவர்களுக்கு மட்டும், 10 நிமிடம் முன்னால். சொல்லாமல் வராத டீமுக்கு அடுத்த இரண்டு வாரம் இடமில்லை. இந்த விதியை முதல் வாரமே நிஜமாக அமல்படுத்த வேண்டும். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் யாரும் மதிக்கமாட்டார்கள்.

கஸ்டம்ரூம்
செக்-இன் யோசனை ஓகே. சட்டம் நியாயம்னு இன்னும் ஒத்துக்கல, சொல்லிட்டேன். 2025 செப்டம்பர்ல இந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்கள்ல இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்கிட்ட மாத்திக்கிட்டதே, அதுக்குக் காரணம் இல்லாமலா? அது போகட்டும். ஸ்பான்சர் ஒருத்தர் தயார். ஏதோ ஸ்போர்ட்ஸ் நியூஸ் சைட்டாம்.

பிரிவு_ஐந்து
வழக்கை மாற்றிக்கொண்டதால் மட்டும் சட்டம் நின்றுவிடாது. அந்த ஸ்பான்சரின் லோகோவைப் போஸ்டரில் ஏற்றும் முன் சைட்டைத் திறந்து, மெனுவில் கடைசி லிங்க் வரை அழுத்திப் பாருங்கள். நியூஸ் பெயரில் பந்தயத் தளத்துக்கு ஆள் பிடிக்கும் வேலையாக இருந்தால், விளம்பரத்துக்கே தனிப் பிரிவு: 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை.