மடக்குக் கத்தியின் பூட்டு நிலைக்கவில்லை

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தில் உரச் சாக்குகளைப் பிரிக்க அப்பா பயன்படுத்தும் 111 மில்லிமீட்டர் பல்பயன் கத்தியில், பெரிய அலகை விரித்ததும் பக்கத் தகடு உள்ளே நகர்ந்து அலகின் அடியைத் தாங்க வேண்டும். கடந்த மழைக்காலத்திலிருந்து அது பாதியிலேயே நின்றுவிடுவதால், முதுகில் சற்று அழுத்தினாலே அலகு விரல்மேல் மடங்குகிறது. அதே கத்தியில் தனியாகப் பூட்டிக்கொள்ளும் பெரிய திருப்புளியில் இக்குறை இல்லை.

சவர்க்காரம் கலந்த வெந்நீரில் கழுவி, இடுக்குகளில் இருந்த உரத் துகள்களைத் தேய்த்தெடுத்து, உலர்த்தித் தையல் இயந்திர எண்ணெய் இட்டும் பயனில்லை. கைப்பிடி தறையாணிகளால் இறுக்கப்பட்டிருப்பதால் கழற்ற இயலாது. தகட்டை நெம்பி வளைக்கச் சொன்னார் கடைக்காரர். அது ஒடிந்தால் கத்தியே வீணாகும் என்பதால் நான் இணங்கவில்லை.

தேய்ந்திருப்பது தகட்டின் முனையா, அலகின் அடியா என்பதைக் கழற்றாமலே கண்டறிவது எப்படி?