சீலிங் ஸ்பீக்கருக்கு ஒரே நெட்வொர்க் கேபிள் போதுமா, 100 வோல்ட் லைன்தான் சரியா?

புதுவயர்:
இரண்டு மாடிப் பயிற்சி நிலையம். அறைகளில் 14, நடைபாதைகளில் 8, மொத்தம் 22 சீலிங் ஸ்பீக்கர். சீலிங் உயரம் 3 மீட்டர். அறிவிப்பும் மெல்லிய இசையும் கேட்டால் போதும். ஒலி வேலைக்காரர் 100 வோல்ட் லைன் (ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து உயர் வோல்ட்டில் எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் போகும் முறை) போடலாம் என்கிறார். நெட்வொர்க் பார்ப்பவரோ, "ஸ்பீக்கருக்கு ஒரு கேட்6 கேபிள் போதும், கரண்ட்டும் சத்தமும் அதிலேயே போகும்" என்கிறார். அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங்கை மூடிவிடுவார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பழைய_ஆம்ப்:
100 வோல்ட் லைன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு கம்பி ஒயரை ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றையும் 6 வாட் டேப்பில் (ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை வாட் என்று தேர்வு செய்யும் இணைப்பு) வைத்தால் 22 ஸ்பீக்கருக்கு 132 வாட். ஒரு 240 வாட் ஆம்ப்ளிஃபயர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். சீலிங்குக்கு மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு கோனும்தான், கெட்டுப்போக வேறொன்றும் இல்லை. பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் அனுப்பும் முறை) என்றால் தலைக்கு மேல் 22 குட்டிக் கம்ப்யூட்டர்களை ஏற்றி வைக்கிறீர்கள். அதுவும் கேபிளின் கடைசியில் கிடைப்பது 12.95 வாட். அதில் என்ன பாட்டு கேட்பது?

ஒத்தைக்கேபிள்:
அண்ணே, 12.95 என்பது 2003இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின் கணக்கு. 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் ஸ்விட்ச் (கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) 30 வாட் கொடுக்கும், கடைசியில் 25.5 கிடைக்கும். 2018இல் வந்த 802.3பிடி தரத்தில் 51 வாட், அதிகபட்சமாக 71.3 வரை கிடைக்கும்.

ஏடியில் 30க்கும் 25.5க்கும் நடுவில் காணாமல் போகும் 4.5 வாட் எங்கே போகிறது தெரியுமா? 100 மீட்டர் கேபிளின் மின்தடையை 12.5 ஓம் என்று வைத்து, 0.6 ஆம்பியர் ஓடுவதாகக் கணக்குப் போடுகிறார்கள். 0.6 × 0.6 × 12.5 = 4.5. கேபிள் சூடாகிற காசு அது. உங்கள் கேபிள் 30 மீட்டர் என்றால் இழப்பும் அதற்கேற்பக் குறையும்.

இன்னொன்று. நீங்களே 6 வாட் டேப் போதும் என்று எழுதிவிட்டு, 12.95 பற்றாது என்கிறீர்களே! 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் என்றால், உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு 1.8 மீட்டர், அங்கே சுமார் 83 டெசிபெல். ஒரே ஒரு வாட்டில்! இசையில் உச்சங்கள் கண நேரம்தான், அதை உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சமாளிக்கும்.

பழைய_ஆம்ப்:
சரி, வாட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், நான் பார்த்தது பழைய தாள். ஆனால் ஸ்விட்ச் படுத்தால் அந்த மாடியே ஊமை.

ஒத்தைக்கேபிள்:
உங்கள் ஆம்ப் படுத்தால் இரண்டு மாடியும் ஊமை.

பழைய_ஆம்ப்:
ஆம்ப் போனால் வேறொன்றைத் தூக்கி வைத்து இரண்டு ஒயரை மாட்டுவேன், பத்து நிமிட வேலை. 20 வருடமாக ஓடும் 100 வோல்ட் ஸ்பீக்கர்கள் என் கையில் இருக்கின்றன, இன்று எந்தக் கம்பெனி ஆம்ப்புடன் மாட்டினாலும் பாடும். உங்கள் ஸ்பீக்கருக்கு பத்து வருடம் கழித்து ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) யார் தருவார்கள்?

ஸ்விட்ச்_காவலன்:
இரண்டு பேரும் வாட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் அடிபட்டது வேறு இடங்களில்.

முதலில் ஸ்விட்ச். 24 போர்ட் பிஓஇ பிளஸ் (அந்த ஏடி தரம்தான்) என்று பெட்டியில் போட்டிருக்கும், மொத்த பட்ஜெட் 370 வாட்தான் இருக்கும். 22 ஸ்பீக்கரும் ஆளுக்கு 30 கேட்டால் 660. சில ஸ்விட்ச்கள் ஓடுகிற வாட்டைப் பார்த்துக் கணக்கு வைக்கும், சில கேட்ட முழுதையும் ஒதுக்கி வைத்துவிடும். இரண்டாவது ரகமாக இருந்தால் பதின்மூன்றாவது ஸ்பீக்கர் எழுந்திருக்காது.

அடுத்து நேரம். ஒரு நடைபாதையில் முதலில் சாதாரண ஸ்ட்ரீமிங் முறையில் போட்டோம். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் இஷ்டத்துக்கு பஃபர் (சத்தத்தைக் கொஞ்சம் சேமித்துத் தாமதமாகப் பாடுவது) வைத்துக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே 40 மில்லி செகண்ட் வித்தியாசம், அதாவது சத்தம் கிட்டத்தட்ட 14 மீட்டர் நடந்து வருகிற நேரம். நடந்து போகிறவருக்கு ஒரே அறிவிப்பு இரண்டு தடவை காதில் விழுந்தது, குகைக்குள் பேசுவது போல. டான்டே, ஏஇஎஸ்67 மாதிரியான நெட்வொர்க் ஒலி முறைகள் பிடிபி கடிகாரத்தை (நெட்வொர்க் வழியே எல்லாக் கருவியின் நேரத்தையும் ஒன்றாக்குவது) வைத்து எல்லா ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் பேச வைக்கும். வாங்கும்போது அதைக் கேளுங்கள். ஸ்விட்சில் மின்சேமிப்பு ஈதர்நெட் வசதியை அணைத்து வையுங்கள், கடிகாரத்தைக் குழப்பும்.

அப்புறம் மல்டிகாஸ்ட், அதாவது ஒரே ஒலியைப் பல கருவிகளுக்கு ஒன்றாக அனுப்புவது. கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை ஸ்விட்சில் சரியாக வைக்காமல் விட்டதில், இசை எல்லாப் போர்ட்டிலும் வழிந்து வைஃபையைத் திணறடித்தது. ஸ்பீக்கருக்குத் தனி விலான் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் நெட்வொர்க்) போடுங்கள்.

கடைசியாக, கேபிள். இதை எழுதவே கோபம் வருகிறது. ஒரு ஸ்பீக்கர் மெதுவாகப் பாடினால் நன்றாக இருக்கும், சத்தத்தைக் கூட்டி டிரம் அடி விழுந்ததும் அணைந்து மறுபடி பூட் ஆகும். ஸ்பீக்கரை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், கேபிள் செம்பு முலாம் பூசிய அலுமினியம். மின்தடை சுத்தச் செம்பைப் போல சுமார் ஒன்றரை மடங்கு, அதனால் சத்தம் கூடி கரண்ட் அதிகம் இழுத்ததும் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட் விழுந்துவிட்டது.

பழைய_ஆம்ப்:
இத்தனையையும் படித்த பிறகும் ஒருவர் பிஓஇ போடுகிறார் என்றால் கும்பிடுதான். புதுவயர், ஒரு கேள்வி. தீ விபத்து அறிவிப்பும் இதே ஸ்பீக்கரில்தானா? அப்படியென்றால் பேச்சே வேறு. தீயைத் தாங்கும் கேபிள், பேட்டரி, அதற்கென்று சான்று பெற்ற ஸ்பீக்கர் (ஐரோப்பியத் தரத்தில் ஈஎன் 54-24) எல்லாம் வேண்டியிருக்கும். கடையில் வாங்கிய ஸ்விட்சை நம்பி அதைச் செய்யக்கூடாது.

புதுவயர்:
இல்லை சார், தீக்குத் தனி அமைப்பு இருக்கிறது. சொல்ல மறந்த ஒன்று: அறைகளுக்கு நடுவே நகர்த்தும் தடுப்புகள். சில மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு அறை ஒன்றாகும், மறுபடி பிரியும்.

ஒத்தைக்கேபிள்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 100 வோல்ட் லைனில் எந்த ஸ்பீக்கர் எந்தக் கூட்டத்தில் என்பது ஒயரிலேயே முடிவாகிவிடும். அறையைப் பிரித்தால் சீலிங்கைத் திறக்கணும். பிஓஇயில் உட்கார்ந்த இடத்தில் மாற்றலாம். அறிவிப்பு ஒரு அறைக்கு மட்டும், சத்தம் ஆளுக்கு ஒன்று, எல்லாம் திரையில்.

பழைய_ஆம்ப்:
அறைகளுக்கு அது சரி. நடைபாதை எந்தக் காலத்திலும் நடைபாதைதான். அந்த எட்டுக்கு 48 வாட், ஒரு சின்ன ஆம்ப் போதும். அதை ஏன் நெட்வொர்க்கில் தொங்கவிடணும்?

ஒத்தைக்கேபிள்:
இரண்டு அமைப்பு என்றால் தலைவலியும் இரண்டு. ஒரே அறிவிப்பு இரண்டிலும் ஒன்றாக வரணும், மறந்துவிடாதீர்கள்.

ஸ்விட்ச்_காவலன்:
நெட்வொர்க் ஒலி உள்ளீடு உள்ள ஆம்ப் கிடைக்கும். அதுவும் அதே கடிகாரத்தில் ஓடும், பிரச்சினை இல்லை. ஸ்விட்சையும் ஆம்ப்பையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். எனக்கு இந்தக் கலவை பிடித்திருக்கிறது.

ஒத்தைக்கேபிள்:
எனக்குப் பிடிக்கவில்லை. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதுவயர்:
அறைகள் 14க்கும் பிஓஇ, நடைபாதைக்கு 100 வோல்ட் என்று முடிவு செய்துவிட்டேன். காவலன் எழுதியதைப் படித்துவிட்டு, வந்து இறங்கியிருந்த கேபிளில் ஒரு துண்டு வெட்டி, கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாகப் பளபளக்கிறது. பெட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன், சீலிங் ஆட்களை நான்கு நாள் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.