சிவப்பு டிராகனா, சிலையின் கண்ணா? எல்மோர், டிராம்பியர் சண்டை

பகடைக்காரன் (ரோஸ் ஹில், மொரிஷியஸ்):
பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குப் படம் வரைந்தவர்களில் லாரி எல்மோரை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. 1983-இல் வந்த சிவப்பு ஆட்டப் பெட்டியின் மூடியைப் பாருங்கள். புதையல் குவியலின் மேல் சிவப்பு டிராகன் வாயைப் பிளக்கிறது. எதிரே ஒரு வீரன். அவன் முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். முகம் தெரியாததால் அந்த இடத்தில் நாமே போய் நின்றுகொள்கிறோம். விதிகளில் ஒரு வரி படிக்காதவனுக்கும் ஆட்டம் என்னவென்று புரிந்துவிடும். அதற்கு முந்தைய படங்களெல்லாம் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்துக் கிறுக்கல்கள்.

மைக்கூடு (காத்ர் போர்ன்):
எதைத் தம்பி கிறுக்கல் என்கிறீர்கள்? டேவிட் டிராம்பியரையா? ஆடுபவர்களுக்கான விதிப்புத்தகம், 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதன் அட்டை அவர் வரைந்தது. சண்டை முடிந்துவிட்டது. பிரம்மாண்டமான சிலையின் மேல் ஏறி, அதன் கண்ணில் பதித்த ரத்தினத்தை இருவர் நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒருவன் வாளைத் துடைக்கிறான். செத்த பல்லி மனிதர்களை இழுத்துப்போகிறார்கள். அடுத்து எங்கே போவது என்று சிலர் கூடி யோசிக்கிறார்கள். நம் மேசையில் நடப்பதும் இதுதானே? சண்டை கால் மணி நேரம், பங்கு பிரிக்கிற பஞ்சாயத்து இரண்டு மணி நேரம். உங்கள் எல்மோர் வரைந்தது விளம்பரம். டிராம்பியர் வரைந்தது ஆட்டம்.

பகடைக்காரன்:
விளம்பரம் என்றால் கேவலமா அண்ணா? என் மாமா பக்கத்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சுப் பெட்டியில் அந்த மூடி இல்லாவிட்டால் நான் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். சிலையின் கண்ணை நோண்டுகிறவர்களைப் பார்த்து எந்தப் பத்து வயதுப் பையன் ஆட வருவான்?

புயல்கண்ணி (கியூர்பிப்):
நான் வந்திருப்பேன், பையனாக இல்லாவிட்டாலும்.

இருவரும் ரஸ் நிக்கல்சனை மறந்துவிட்டீர்கள். ஆட்டத்தின் அரக்கர் தொகுப்பான 1981 ஃபீண்ட் ஃபோலியோவில் வரைந்தார். மறுவருடம் வந்த ஃபயர்டாப் மவுண்டன் மந்திரவாதிக் கதைக்கு உள்படங்களும் அவருடையவை. காலிமார் வெளியிட்ட பிரெஞ்சுப் பதிப்பைப் படித்து வளர்ந்தவள் நான். ஒருமுறை மூன்றாம் புயல் எச்சரிக்கை விட்டு, மின்சாரமும் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடினோம். எண்ணெய் வண்ண ஓவியங்கள் பழுப்புச் சேறாகத் தெரிந்தன. நிக்கல்சனின் பிணங்களோ கந்தல் கந்தலாக, எலும்பு எலும்பாகத் துலங்கின. சதை தொங்குகிற இடத்தில் கோடுகளை நெருக்கி, எலும்பு வருகிற இடத்தில் வெறும் தாளை அப்படியே விட்டிருப்பார். அந்த வெள்ளைதான் பயமுறுத்துகிறது.

இன்னொன்று. எல்மோர், கிளைட் கால்டுவெல் காலத்து அட்டைகளில் ஆணுக்குக் கழுத்துவரை இரும்பு, பெண்ணுக்கு மட்டும் ஏன் வயிறு வெளியே? டிராகன் ஊதினால் முதலில் வேகப்போவது எது என்று ஓவியருக்குத் தெரியாதா?

பகடைக்காரன்:
அக்கா, அது அந்தக் காலத்துச் சந்தை. டிராம்பியரின் அந்தச் சிலைப் படத்தில் ஒரு பெண்ணைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

புயல்கண்ணி:
அதனால்தான் நான் நிக்கல்சன் கட்சி. பிணத்துக்கு ஆண் பெண் பேதம் இல்லை.

மோக்காவாசி:
உங்கள் சண்டையில் என் குறையையும் கேளுங்கள். ஆட்டத்தின் அரக்கர்களைப் பட்டியலிடும் 1977 மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசனைப் பார்த்திருக்கிறீர்களா? புலித்தலை, பணக்கார வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய். நம் கோபுரத்து அரக்கனுக்குக் கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் இருக்கும். புலித்தலை எங்கே இருக்கிறது? நம்மிடமிருந்து எடுத்ததை ஒரு கோயில் சிற்பத்தையாவது பார்த்து வரைந்திருக்கலாம்.

மைக்கூடு:
அந்தப் படத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆட்டத்தில் ராட்சசன் நீங்கள் நம்புகிற ஆளின் உருவத்தில் வந்து உங்களையே தின்கிறவன். கோரைப்பல்லோடு வாசலில் வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? அங்கியும் புகைக்குழாயுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்குத் தேநீரே கொடுப்பார்கள். நம் கோபுரத்தோடு பொருந்தவில்லை என்பது உண்மை, ஆட்டத்தோடு பொருந்துகிறது.

மோக்காவாசி:
ஆட்டத்தோடு பொருந்தட்டும், பெயரை மாற்றியிருக்கலாமே. வடிவேலனைப் பாட்டுப் பாடும் நரியாக வரைந்தாலும் இப்படித்தான் சமாதானம் சொல்வீர்களா?

பகடைக்காரன்:
டிராம்பியர் பேச்சு பாதியில் நிற்கிறது. இந்த ஆட்டக்காரர்களுக்கான டிராகன் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த வோர்மி சித்திரக்கதையை 1988-இல் நடுவில் விட்டுவிட்டுக் காணாமல் போனவர் அவர். பல வருடம் கழித்து இல்லினாய் மாநிலத்தில் டாக்ஸி ஓட்டுவது தெரியவந்தது, 2014-இல் இறந்துபோனார். வாசகரை நட்டாற்றில் விட்டவரையா தலைசிறந்தவர் என்கிறீர்கள்?

மைக்கூடு:
எந்தப் படம் நல்ல படம் என்று கேட்டால் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறீர்களே. ஆட்டத்தை நடத்துகிறவருக்கான 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், அவர் வரைந்த மந்திரவாதி எமிரிகோல் குதிரையில் பாய்ந்து வரும் தெருவைப் பாருங்கள். வெறும் கறுப்பு மைதான், குதிரை தாளைவிட்டு வெளியே வருகிறது. பிறகு அவர் டாக்ஸி ஓட்டினால் என்ன, மாட்டுவண்டி ஓட்டினால் என்ன?

மணல்மேடு (போர்ட் லூயி):
இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் இதே ஆட்டத்தின் பாலைவன உலகமான 1991 டார்க் சன் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே. புரோம் வரைந்த அந்தப் பாலைவனத்துக்கு முன்னால் எல்மோராவது, டிராம்பியராவது! ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். தாளில் எண்ணெய்க்கை வைக்கிறவர்கள் தூர உட்காருங்கள்.