63 எழுத்துச் சொல், எனக்கு 65 வருது. அவசரம்

பனிமூட்டம் · இரவு 8.50
ஜெர்மன்ல இருக்குற அந்த நீளச் சொல்லுக்கு எல்லா இடத்துலயும் 63 எழுத்துன்னு போட்டிருக்கு. எனக்கு 65 வருது. மூணு தடவை பார்த்துட்டேன், 65 தான். எது சரி? ஸ்லைடுல வேற சொல் வலது பக்கம் வெளியே ஓடுது. தமிழ்ல மொழிபெயர்த்துச் சொன்னா யாருக்கும் சிரிப்பே வரல. நாளைக்குக் காலைல வகுப்புல பேசணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டாய்ச்_பி1 · 8.58
எந்தச் சொல்? நீளச் சொல்னா ஒண்ணு ரெண்டு இல்ல. 63ன்னா மெக்லென்புர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலத்து மாட்டிறைச்சிச் சட்டமா இருக்கணும். 1999ல வந்து 2013ல நீக்கப்பட்டது. ரிண்ட்ஃப்ளைஷ்-எட்டிகெட்டீருங்ஸ்-ஊபர்வாஹுங்ஸ்-ஔஃப்காபன்-ஊபர்ட்ராகுங்ஸ்-கெசெட்ஸ். அதுதானா? நில விற்பனை அனுமதி அதிகாரத்தை ஒப்படைக்கிற ஆணை ஒண்ணும் இருந்தது, அது 67. டோனாவ் நீராவிக் கப்பல் கம்பெனி கேப்டன் 42.

வரிமுறிப்பு · 9.03
ஸ்லைடு எதுல செஞ்சது? பவர்பாயிண்ட்டா, இம்ப்ரெஸ்ஸா, பிரவுசர்ல ஓடுறதா? சொல்லைத் தட்டச்சு செஞ்சீங்களா, எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினீங்களா? எண்ணினது கையாலயா, சூத்திரத்தாலயா? இது தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மேசைவிளக்கு · 9.06
கேட்கவே வேண்டாம், உம்லாவுட் தான். ரெண்டு புள்ளி வச்ச யூவை அடிக்க வராதவங்க யூ, ஈன்னு ரெண்டு எழுத்தா அடிப்பாங்க. இந்தச் சொல்லுல அந்த யூ ரெண்டு இடத்துல வருது, ஊபர்வாஹுங்ஸ்ல ஒண்ணு, ஊபர்ட்ராகுங்ஸ்ல ஒண்ணு. 63 கூட்டல் 2, 65. விண்டோஸ்ல ஆல்ட்டை அழுத்திக்கிட்டு எண்பலகையில 0252, மேக்ல ஆப்ஷன்-யூ அழுத்தி மறுபடி யூ. முடிஞ்சது.

எட்டுபிட் · 9.11
இல்லீங்க, இது பைட் கணக்கு. யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியாக்கத்துல உம்லாவுட் யூவுக்கு 2 பைட், மத்த எழுத்துக்கெல்லாம் 1. அதனாலயும் 65 தான் வரும். லினக்ஸ்ல டபிள்யூசி கட்டளைக்கு சி போட்டா பைட்டை எண்ணும், எம் போட்டா எழுத்தை எண்ணும். எக்கோ வழியா அனுப்பினா வரிமுடிவும் சேர்ந்து ஒண்ணு கூடிடும், பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்க.

பனிமூட்டம் · 9.20
ஆமா மாட்டிறைச்சிச் சட்டம்தான். எக்ஸெல்ல லென்னு நீளம் எண்ணுற சூத்திரம் போட்டு எண்ணினேன். ஒரு பிடிஎஃப்லேந்து எடுத்து ஒட்டினது. பவர்பாயிண்ட். ஸ்லைடைப் படம் எடுத்துப் போட்டிருக்கேன்.
[படம்: மடிக்கணினித் திரை. சொல் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது]

எழுத்துருப்_பித்து · 9.27
எக்ஸெல் லென் பைட்டை எண்ணாது, அதனால எட்டுபிட் சொன்னது இங்க பொருந்தாது. படத்துல புள்ளி வச்ச யூ தெரியுது, அதனால மேசைவிளக்கு சொன்னதும் இல்ல. பிடிஎஃப்னு சொன்னதும் எனக்கு விஷயம் புரிஞ்சது. பிடிஎஃப்லேந்து எடுக்கும்போது ஒரே எழுத்து யூ தனியா, புள்ளி தனியா ரெண்டு குறியா வரலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நம்ம 'கொ'வையே க, ஒற்றைக்கொம்பு, கால்னு மூணு குறியாவும் வைக்கலாம், க-வும் ஒகரக் குறியுமா ரெண்டாவும் வைக்கலாம், அதே கதைதான்.

சோதனை இப்படி. ரிண்ட்ஃப்ளைஷ் 11 எழுத்து, எட்டிகெட்டீருங்ஸ் 14, ஆக 25. 26ஆவது எழுத்து புள்ளி வச்ச யூவா இருக்கணும். ஒரு காலிக் கட்டத்துல யூனிகோட்(மிட்(ஏ1, 26, 1))னு போடுங்க, அந்த எழுத்தோட குறி எண்ணைக் காட்டும்.
252 வந்தா ஒற்றை எழுத்து, நல்லது.
117 வந்தா வெறும் யூ. உடனே 27ஐப் பாருங்க. 776ன்னா ஒட்டுப்புள்ளி, 101ன்னா ஈ.
173 வந்தா கண்ணுக்குத் தெரியாத மென்கோடு. பிடிஎஃப்ல சொல் மூணு வரியா மடிஞ்சிருந்தா அந்த மாதிரி ரெண்டு கோடு உள்ளே வந்திருக்கும். அப்பவும் 65.

இன்னொண்ணு. ஃப்ளைஷ்ல வர்ற எஃப்-எல் அச்சுல கூட்டெழுத்தா இருந்து அப்படியே ஒட்டிக்கிட்டு வந்திருந்தா ஒண்ணு குறையும், 5ஆவது இடத்துல 64258 காட்டும். நல்ல ஜெர்மன் அச்சுல ரெண்டு உறுப்பு சேர்ற மூட்டுல எஃப்-எல் கூட்டெழுத்து போட மாட்டாங்க. ஃப்ளைஷ்ல அது உறுப்புக்கு உள்ளேயே வருது, போட்டது சரிதான்.

நன்னூல்தாசன் · 9.34
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. முதலில் தொகைச்சொல் என்றால் என்ன என்று படித்துவிட்டு வாருங்கள். இடையில் வரும் எஸ் ஒலிகள் ஆறாம் வேற்றுமை உருபு. ஊபர்வாஹுங்ஸ் என்றால் 'கண்காணிப்பினுடைய'. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத்தை எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. எண்ணுவது இலக்கணம் ஆகாது.

வரிமுறிப்பு · 9.38
பனிமூட்டம், ஸ்லைடுக்கு. வரியைத் தானா மடிக்கிற 'ராப் டெக்ஸ்ட்' குறியை எடுத்துவிட்டிருக்கீங்க, அதான் வெளியே ஓடுது. திரும்பப் போட்டா உள்ளே வரும், ஆனா பவர்பாயிண்ட்டுக்கு ஜெர்மன் சொல்லை எங்கே வெட்டணும்னு தெரியாது. இடம் தீர்ந்த எழுத்துல கண்டபடி உடைக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 40 புள்ளி (பாயிண்ட்) எழுத்துல ஒரு எழுத்தின் சராசரி அகலம் ஏறக்குறைய 20 புள்ளி. 63 எழுத்துக்கு 1260. அகலத் திரை ஸ்லைடே 960 தான். 28 புள்ளியா குறைச்சா 882, ஒரே வரியில அடங்கும், ஆனா கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. 40லயே வச்சுக்கிட்டு ஆறு வரியா உடைங்க, ஷிஃப்ட்-எண்டர். ஒரு வரிக்கு 48 வச்சாலும் உயரம் 288, ஸ்லைடு உயரம் 540. இணைப்பு எஸ் எப்பவும் முன்னால் உள்ள உறுப்போட நிக்கணும், அடுத்த வரிக்குப் போகக் கூடாது. எட்டிகெட்டீருங்ஸ், கோடு, அடுத்த வரி. அப்படி.

கோடு போட்ட பிரதியை லென்ல எண்ணாதீங்க, அஞ்சு கோடு சேர்ந்து 68 வரும்.

பின்னால யாராவது இதை பிரவுசர்ல செய்யப் போனா: அந்தப் பகுதியின் மொழிக் குறி ஜெர்மன்னு இருக்கணும், அப்புறம்தான் சொல்லைத் தானா வெட்டுற ஹைஃபன்ஸ் ஆட்டோ வேலை செய்யும். ஆங்கிலம்னு விட்டுட்டா வெட்டவே வெட்டாது, இல்லாட்டி தப்பான இடத்துல வெட்டும்.

ஏழாம்_வேற்றுமை · 9.46
நன்னூல்தாசன் ஐயா, அந்த எஸ் உருபு இல்லை. காதல் கடிதத்துக்கு லீபஸ்ப்ரீஃப் என்கிறார்கள். லீப பெண்பால், அதற்கு ஆறாம் வேற்றுமையில் எஸ் கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது? ஊபர்வாஹுங்கும் பெண்பால்தான். தனியாக நின்றால் ஆறாம் வேற்றுமையிலும் எஸ் ஏற்காது. ஆயர்கள் பலர் கூடும் மாநாடு பிஷோஃப்ஸ்கோன்ஃபெரென்ட்ஸ். பலர் கூடினாலும் எஸ் ஒருமை வடிவம். ஒரே கோழி இட்ட ஒரே முட்டை ஹூனர்-ஐ, அங்கே பன்மை வடிவம். பொருளோடு ஒட்டாததை உருபு என்று எப்படிச் சொல்வது?

நன்னூல்தாசன் · 9.52
சரி, உருபு என்று சொன்னதை விட்டுவிடுங்கள். அப்படியானால் அது வலிமிகுதல். தேர்ப்பாகனில் ப் வருவது போல. இதுகூடத் தோன்றவில்லையா?

ஏழாம்_வேற்றுமை · 10.01
அதுவும் ஒட்டாது. வலிமிகுவது வருமொழியைப் பொறுத்தது. க, ச, த, ப வந்தால்தான் மிகும். ஜெர்மன் எஸ் நிலைமொழியைப் பொறுத்தது. உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என்று முடிந்தால் பின்னால் எது வந்தாலும் எஸ் உண்டு. நம் இலக்கணத்தில் இதற்கு நெருங்கியது சாரியை. புளி, அம், காய் சேர்ந்து புளியங்காய். அந்த அம்முக்குத் தனிப் பொருள் இல்லை, முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து வருகிறது.

சாரியைகூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது என்பதற்கு இந்தச் சொல்லின் முதல் உறுப்பே சான்று. மாட்டிறைச்சி ரிண்ட்ஃப்ளைஷ், இணைப்பு இல்லை. மாட்டுத்தோல் ரிண்ட்ஸ்லேடர், எஸ் வந்துவிட்டது. மாட்டு வறுவல் ரிண்டர்ப்ராட்டன், இப்போது ஈ-ஆர். ஒரே மாடு, மூன்று இணைப்பு. வருமான வரிச் சட்டத்தின் பெயரில் ஐன்கொமன்ஸ்டாயர் என்று ஒரே எஸ்ஸோடு எழுதுகிறார்கள், அது ஸ்டாயரின் எஸ். பேச்சு வழக்கில் நடுவில் இன்னொரு எஸ் சேர்ப்பவர்கள் நிறையப் பேர்.

மேசைவிளக்கு · 10.04
இது தனி இழையா போகட்டுமே. கேட்டவருக்கு நாளைக்குக் காலைல பேச்சு.

பனிமூட்டம் · 10.07
26ல 252 வருது. இப்ப என்ன?

எழுத்துருப்_பித்து · 10.10
அப்போ முதல் புள்ளி யூ சரி. 46ஐப் பாருங்க. 25, ஊபர்வாஹுங்ஸ் 12, ஔஃப்காபன் 8, ஆக 45. 46ல ரெண்டாவது புள்ளி யூ.

டாய்ச்_பி1 · 10.15
சிரிப்பு வராததுக்குக் காரணம் சொல்றேன். பின்னாலிருந்து பிரிச்சுப் பாருங்க. கெசெட்ஸ் சட்டம், ஊபர்ட்ராகுங் ஒப்படைப்பு, ஔஃப்காபன் பணிகள், ஊபர்வாஹுங் கண்காணிப்பு, எட்டிகெட்டீருங் லேபிள் இடுதல், ரிண்ட்ஃப்ளைஷ் மாட்டிறைச்சி. தமிழ்ல: மாட்டிறைச்சி லேபிள் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம். வரிசை அப்படியே இருக்கு! நமக்கும் தலைச்சொல் கடைசியிலதான் நிக்கும். ஆங்கிலத்துல சொல்லும்போது 'ஆஃப்' போட்டுப் போட்டுத் தலைகீழா புரட்டணும், வேடிக்கை அங்கதான் பிறக்குது. தமிழ்க் காதுக்கு இது ஏதோ அரசாணைத் தலைப்பு மாதிரி சாதாரணமா விழுது.

அதனால மொழிபெயர்ப்பை விட்டுட்டு, சொல் வளர்றதைக் காட்டுங்க. முதல் ஸ்லைடுல கெசெட்ஸ் மட்டும். அடுத்ததுல அதுக்கு முன்னால ஊபர்ட்ராகுங்ஸ். இப்படி ஆறு ஸ்லைடு, கெசெட்ஸ் வலது ஓரத்துல அதே இடத்துல நிக்கணும், இடது பக்கம் மட்டும் நீளணும். ஒரே வரியில வளரணும், அதனால இந்த ஆறுக்கு மட்டும் 28 புள்ளி போதும். ஒவ்வொரு தடவையும் முழுச் சொல்லையும் வாசிங்க, அழுத்தம் எப்பவும் புதுசா வந்த முதல் உறுப்புல. நாலாவது ஸ்லைடுலயே வகுப்பு சிரிக்கும்.

இன்னொரு வழி எண்ணெய். ஒலீவன்-ஊல் ஒலிவத்துலேந்து எடுத்தது. பேபி-ஊல் குழந்தைக்குத் தடவுறது. ரெண்டும் ஒரே அமைப்பு, உறவு என்னன்னு சொல்லு சொல்லாது. இதுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், வேப்பெண்ணெய் வேம்புலேந்து வருது, விளக்கெண்ணெய் விளக்குலேந்து வரல. உடனே பிடிச்சுக்குவாங்க.

காய்ச்சிய_பால் · 10.21
பிரிச்சுப் படிக்கிற வேடிக்கையும் சேர்த்துக்கோங்க அக்கா/அண்ணா. ப்ளூமன்டாப்ஃப் பூந்தொட்டி, ஏர்ட மண். சேர்த்து எழுதினா கடைசியில ப்ஃபேர்ட, அதாவது குதிரைகள் வந்து நிக்கும், 'ப்ளூமன்டோ குதிரைகள்'னு படிச்சுடுவாங்க. ஸ்டௌபெக்கன் நீர்த்தேக்கம், ஆனா ஸ்டௌப்-எக்கன்னு வெட்டினா தூசி மூலைகள். வாஹ்ஷ்டூப காவலர் அறை, வாக்ஸ்டூப மெழுகுக் குழாய். நம்ம பலகை, பல கை மாதிரிதான், பிரிமொழிச் சிலேடைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் வாயால சொல்லாதீங்க, ஸ்லைடுல எழுதிக் காட்டுங்க. உச்சரிப்பு வேற வேற. காவலர் அறையில ஹ், ஷ்ட் கேட்கும், மெழுகுக் குழாய்ல க்ஸ். வாயைத் திறந்ததுமே விடை வெளியே வந்துடும்.

நன்னூல்தாசன் · 10.26
சாரியை என்பதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் ஔஃப்காபனில் வரும் என் பன்மை விகுதி. பணிகள் பல. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஏழாம்_வேற்றுமை · 10.31
அங்கே பன்மைப் பொருள் பொருந்தும். ஆனால் சூரியக் குளியல் சொன்னன்பாட், சூரியன் ஒன்றுதான், அங்கும் அதே என். ஈ-யில் முடியும் பெண்பால் சொற்கள் பெரும்பாலும் என் ஏற்கும், எண்ணிக்கை பார்க்காது.

பனிமூட்டம் · 10.33
46லயும் 252.

எழுத்துருப்_பித்து · 10.36
அப்படின்னா என் ஊகம் தப்பு, ஒட்டுப்புள்ளி இல்ல. முதல் 46 எழுத்தும் சுத்தம், மென்கோடும் அதுக்குள்ள இல்ல. கூடுதல் ரெண்டும் 46க்கு அப்புறம் எங்கயோ இருக்கு. படத்துல சரியா அந்த இடம்தான் வெட்டுப்பட்டிருக்கு. ரைட்(ஏ1, 6) போட்டு என்ன வருதுன்னு எழுத்து எழுத்தா சொல்லுங்க. கெசெட்ஸ்னு முழு ஆறு எழுத்தும் வரணும்.

வரிமுறிப்பு · 10.38
பிடிஎஃப்ல அது தலைப்பா இருந்ததா, வாக்கியத்துக்கு நடுவுல இருந்ததா? முன்னால 'டெஸ்', அதாவது ஆறாம் வேற்றுமை ஆர்ட்டிகிள், இருந்ததா?

ஏழாம்_வேற்றுமை · 10.40
வரிமுறிப்பு கேட்டதுதான் சரியான கேள்வி. கெசெட்ஸ் அஃறிணைப் பால், ஆறாம் வேற்றுமையில் ஈ-எஸ் ஏற்கும். 'இந்தச் சட்டத்தின்' என்று வாக்கியத்தில் வந்திருந்தால் கெசெட்ஸஸ். 63 கூட்டல் 2. நன்னூல்தாசன் ஐயா நடுவில் தேடிய உருபு கடைசியில் நிற்கிறது போலிருக்கிறது.

பனிமூட்டம் · காலை 6.15
எஸ் ஈ டி இசட் ஈ எஸ்னு வந்துச்சு. முன்னால டெஸ் இருந்தது. கடைசி ஈ, எஸ் ரெண்டையும் எடுத்துட்டேன், 63. எல்லாருக்கும் நன்றி, கிளம்புறேன்.

டாய்ச்_பி1 · 6.40
இப்ப முன்னால சேர்ற ஆர்ட்டிகிள் டாஸ், டெஸ் இல்ல. ஸ்லைடுல அதையும் மாத்துங்க. சட்டத்தோட முழுத் தலைப்புல இதுக்கு முன்னால 'ரிண்டர்கென்ட்ஸைஹ்னுங்ஸ் உண்ட்'னு, மாட்டுக்கு அடையாளமிடுதல், இன்னொரு உறுப்பும் உண்டு. யாராவது கேட்டா 63 அதை விட்டு எண்ணினதுன்னு சொல்லுங்க. வளர்ற ஸ்லைடு ஆறும் செஞ்சீங்களா?

நன்னூல்தாசன் · 7.05
சொன்னன்பாட் பழைய ஒருமை வடிவம். இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.