மசாய் மாராவில் கூடுதல் கட்டணச் சஃபாரிகள்: எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?

வெண்ணிலா:
அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் கணவர், 13 வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமனார் ஆகியோருடன் கென்யாவின் மசாய் மாராவுக்குச் செல்கிறோம். காலையும் மாலையும் வண்டியில் சென்று விலங்குகளைப் பார்ப்பதைத் தவிர, பலூன் பயணம், நடைச் சஃபாரி, இரவுச் சஃபாரி, மசாய் பழங்குடியினரின் கிராமத்தைப் பார்வையிடுதல் ஆகியவற்றையும் தனிக் கட்டணத்துடன் பயண முகவர் பட்டியலிட்டிருக்கிறார். இவற்றில் எவை செலவுக்குத் தகுந்தவை? வில்டபீஸ்ட் (மாடு போன்ற தோற்றமுள்ள பெரிய மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே மகளின் முதல் விருப்பம்.

குறிஞ்சிவாணன்:
முகவர் உங்களை எங்கே தங்க வைக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள், அம்மா. மாரா தேசியக் காப்பகத்துக்குள் இரவில் வண்டி ஓட்டுவதற்கும், நடந்து சுற்றுவதற்கும், பாதையை விட்டு விலகுவதற்கும் அனுமதி கிடையாது. நுழைவுச்சீட்டே காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். காப்பகத்தை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில் (தனி வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதிகளில்) நிலைமை வேறு. அங்கே மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதந்தோறும் வாடகை பெறுகின்றன. முகாம்களின் எண்ணிக்கையும் வண்டிகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் வைக்கப்படுகின்றன. நடைக்கும் இரவுச் சஃபாரிக்கும் இடமுண்டு. ஆகவே, காப்பகத்துக்குள் இருக்கும் முகாமைக் கொடுத்துவிட்டு இரவுச் சஃபாரியையும் ஒருவர் விற்றால், அது எந்த நிலத்தில் நடக்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

என்னைக் கேட்டால் இரவுச் சஃபாரியைத்தான் முதலில் வைப்பேன். சிவப்புக் கண்ணாடி பொருத்திய விளக்கைப் புதர்களின் மீது மெல்ல ஓட்டிச் செல்லும்போது, கங்காருவைப் போல் தாவும் ஸ்பிரிங்ஹேர், பூனை போன்ற ஜெனெட், வேட்டைக்குக் கிளம்பும் கழுதைப்புலி எனப் பகலில் எளிதில் கண்ணில் படாத ஒரு கூட்டமே வெளிவரும். நடைச் சஃபாரியில் பெரிய விலங்குகளை நெருங்குவது நோக்கமன்று. கால்தடம், சாணம், கறையான் புற்று, மசாய்கள் மருந்தாகப் பயன்படுத்தும் செடி ஆகியவற்றை வழிகாட்டி நின்று விளக்குவார். பல முகாம்களில் 12 வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துச் செல்வதில்லை என்பதால் உங்கள் மகளுக்குத் தடை இருக்காது. மாமனார் அந்தக் காலைப்பொழுதில் வண்டியிலேயே செல்லட்டும்.

நெடுந்தொலைவு:
ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை அது நிகழ்கிறது. ஆனால் எந்த நாளில், எந்தத் துறையில் என்பதை எந்த வழிகாட்டியாலும் உறுதிகூற முடியாது. ஆயிரக்கணக்கான விலங்குகள் கரையில் கூடி, மணிக்கணக்கில் தயங்கி நின்று, ஒரு வரிக்குதிரை மிரண்டதும் மொத்தமாகத் திரும்பிப் போய்விடுவதும் உண்டு. வண்டிகள் கரையிலிருந்து விலகி நின்று, முதல் விலங்கு நீரில் இறங்கிய பிறகே அருகில் செல்ல வேண்டும்; முந்திக்கொண்டு கரையை அடைக்கும் ஓட்டுநர்களால் கூட்டமே திசை மாறிவிடுகிறது. அவ்வாறு செய்ய வேண்டாம் என்று உங்கள் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலைகளைவிட வெள்ளத்திலும் நெரிசலிலும் மூழ்கி இறப்பவையே அதிகம். ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேற்பட்டவை இவ்வாறு மடிகின்றன என்றும், அந்த உடல்களே ஆற்றின் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் உணவாகின்றன என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மகளிடம் இதை முன்பே பேசிவிடுவது நல்லது. சில காட்சிகள் கொடுமையாக இருக்கும்.

பலூன் பயணம் அருமையானது. விடியலில் கிளம்பி ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதந்து, இறங்கிய புல்வெளியிலேயே காலை உணவு தருவார்கள். உயரமான சமவெளி என்பதால் அந்த நேரத்தில் நல்ல குளிர் இருக்கும். கம்பளிச் சட்டை அவசியம்.

தெற்குவாசல்:
பலூனைப் பற்றி நண்பர் நெடுந்தொலைவு கூறுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஒருவருக்கு 450 டாலருக்குக் குறையாத செலவில் நீங்கள் பெறுவது நிலப்பரப்பின் விரிவை. விலங்குகளை அருகிலிருந்து பார்ப்பது வண்டியில்தான். மேலும், தரையிறங்கும்போது கூடை சாய்ந்து இழுபடலாம் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவரை ஏற்றுவதை நான் விரும்ப மாட்டேன். அந்தப் பணத்தில் கன்சர்வன்சியில் கூடுதலாக ஓர் இரவு தங்கலாம். மசாய் கிராமத்தைப் பொறுத்தவரை, சாலையோரத்தில் வரிசையாக நடனமாடிக் கைவினைப் பொருள் விற்கும் இடத்துக்குச் செல்வதைவிட, முகாமில் பணிபுரியும் மசாய் வழிகாட்டியோடு மாலையில் அமர்ந்து மாடு மேய்த்தல், வறட்சி, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பதே மேல் என்பது என் கருத்து.

வெண்ணிலா:
அனைவருக்கும் மிக்க நன்றி. பலூனை விட்டுவிட்டு, முதலில் நபோய்ஷோவிலும் பிறகு ஆற்றுக்கு அருகில், காப்பகத்தின் மேற்குப் பகுதியான மாரா டிரையாங்கிளிலும் தங்குவதாக முடிவு செய்துள்ளோம். கன்சர்வன்சியில் தங்கும்போது ஒரு நாள் காப்பகத்துக்குள் செல்ல விரும்பினால் தனிக் கட்டணம் உண்டா?

குறிஞ்சிவாணன்:
உண்டு. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர். எப்படியும் டிரையாங்கிளில் தங்கப் போவதால் நபோய்ஷோ நாட்களில் அந்தச் செலவைத் தவிர்த்துவிடலாம். நைரோபியிலிருந்து சிறு விமானத்தில் சென்றால் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் மென்மையான பையில். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் அதன் பிறகே செல்லும், இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். மாமனாரின் வயதைக் கருதி அவருக்கு மட்டும் முதலில் மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.